பதினோரு மணித் தண்ணீர்

தர்பூசணி வாங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மேடம். ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் சூம்பியிருந்தால் அதன் பூவுக்குத் தேனீ சரியாக வரவில்லை என்று அர்த்தம். கடைக்காரர்கள் அதைத் தண்ணீர் பற்றாக்குறை என்பார்கள். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்று ஸ்டேஷனில், "உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கு மேல் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வைக்கூட எழுதிக் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தவள் நான். அதனால் இப்போது எழுதுகிறேன். எழுத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது. எதையும் மறைக்கும் எண்ணமும் இல்லை.

என் பெயர் பூவிழி என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். படிப்பு பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் தர்பூசணியும் போடும் கொல்லைகள். கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் உப்பளம். படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருடம் ஒரு பயிற்சிக்குப் போய் ஆறு தேனீப் பெட்டிகள் வாங்கி வந்தேன். தேனீக்களிடம் பேச வேண்டியதில்லை. அவையும் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, பக்கத்துக் கொல்லை பலராமன் மாமா பூவின் மேல் மருந்து அடித்தார். தர்பூசணிப் பூ விடிந்ததும் விரியும், மதியத்துக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில்தான் தேனீயும் வரும். பத்து மணிக்குப் பெட்டிகளின் வாசலில் அவை குவியலாகக் கிடந்தன. வெள்ளைத் துணியில் கொட்டி எண்ணினேன். நாலாயிரத்து இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் நாக்கு வெளியே நீண்டிருந்தது.

சாயங்காலம் அடிக்க முடியுமா என்று கேட்டு மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதி அவர் வீட்டு வாசலில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"இன்னாம்மா, பக்கத்துக் கொல்லைக்கு லெட்டர் போட்டுக்கீற? சாயந்தரம் கடல்காத்து தூக்கிட்டு அடிக்கும். நான் அடிக்கிற மருந்து என் கொல்லையில நிக்காது, உங்கப்பன் கொல்லைக்குத்தான் போவும். பரவால்லயா?"

அவர் சொன்னது உண்மை. கடலோரத்தில் மதியத்துக்கு மேல் மருந்து அடிக்க முடியாது. அப்படியானால் அந்த மருந்தே இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு நான் வந்தேன். பதினொரு மனு எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டிலும் மனு உரியவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளதாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்த இடத்தில் அமராவதி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவரை உயிரோடு பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் அக்கா பலராமன் மாமாவின் கொல்லையில் களை எடுப்பார். மாசி பிறந்ததும் உப்பளத்துக்குப் போய்விடுவார். கணவர் அந்தோணிசாமி அண்ணனுக்குக் கொத்து வேலை. ஒரே மகள் வினோதினி, பிளஸ் டூ முடித்தவள். செத்த தேனீக்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்த ஒரே ஆள் அக்காதான். துணியின் முன்னால் உட்கார்ந்து, "ஐயோ பாவமே, எத்தினி உசுரு," என்றார். பிறகு தினமும் வந்தார்.

"ஏ பூவு, வாயத் தொறந்தா தேனீ பூந்துடும்னு பயமா உனக்கு? எழுதி எழுதி யாரு படிக்கப் போறான். அந்த மனுவ என்கிட்ட குடு."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதேக்கா."

"படிக்கத் தெரியாது. கத்தத் தெரியும்."

மார்ச் இருபத்திரண்டு, தண்ணீர் தினக் கிராமசபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு அக்கா எழுந்தார். என் மனு அவர் கையில் தலைகீழாக இருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொன்னார்.

"பூவுல மருந்தடிக்கிறீங்க. தேனீ சாவுது. தேனீ செத்தா பிஞ்சு ஏது? பிஞ்சு இல்லன்னா எங்களுக்குப் பறிக்கிற வேல ஏது? அந்த மருந்து நம்ம ஊருக்கு வாணாம். தீர்மானம் எழுதுங்க."

"ஏம்பா, தேனீக்கு ரேஷன் கார்டு குடுத்தாச்சா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"மொதல்ல ஓட்டு இருக்குதான்னு பாரு," என்றார் பலராமன் மாமா.

"உனக்கு ஓட்டு இருக்குது. அத வெச்சி இன்னாத்தக் கிழிச்ச?" என்றார் அக்கா. பந்தல் முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

வந்திருந்த வேளாண்மை அதிகாரி நல்லவர். பொறுமையாகச் சொன்னார். "பூச்சி செத்துடுச்சுன்னு பூச்சி மருந்தைத் தடை பண்ண முடியாதும்மா. அது அதுக்குத்தான் இருக்குது. மனுஷங்களுக்கு எதுனா பாதிப்பு வந்திருந்தா சொல்லுங்க. ஒரு கேஸ் இருந்தாக்கூட போதும், நானே மேல எழுதுறேன்."

"அப்ப யார்னா ஒருத்தர் வுழணுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

அவர் சொல்லவில்லைதான். ஆனால் அறிவியல் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. கைவசம் இல்லாத தரவைக் கேட்கிறார்கள் என்றால் போய்த் திரட்டிக்கொண்டு வர வேண்டும்.

யாரை எடுத்துக்கொள்வது என்று நான்கு நாள் யோசித்தேன். குழந்தைகளை முதலிலேயே நீக்கிவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகள், வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லோரையும் நீக்கினேன். என்னைப் பற்றியும் யோசித்தேன். என் எடை நாற்பத்தொரு கிலோ, அது ஆபத்து. தவிரவும் நான் படுத்துவிட்டால் குறிப்பு எழுத ஆளில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நான் வாந்தி எடுத்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அமராவதி அக்காவுக்குத் தலைவலி என்றால் மூன்று தெருவுக்குத் தெரியும். நல்ல உடம்பு, அறுபது கிலோ இருப்பார். ஊர் காது கொடுக்கும் குரல். "யார்னா ஒருத்தர் வுழணுமா" என்று அவர் கேட்டதை நான் ஒருவகையில் சம்மதமாகவும் எடுத்துக்கொண்டேன். அவரிடமே கேட்டு உறுதி செய்திருக்கலாம். கூச்சமாக இருந்தது.

உப்பளத்தில் குடிநீர் கிடையாது. அவரவர் கேனில் கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கேன் பெரும்பாலும் காலியான ஐந்து லிட்டர் மருந்துக் கேன்தான். கெட்டியாக இருக்கும், மூடி கசியாது. மணலும் சோப்பும் போட்டு வெந்நீரில் அலசி வெயிலில் கவிழ்ப்பார்கள். முதல் ஒரு வாரம் வாடை இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டை போட்டு அழித்துவிட வேண்டும் என்று அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் அக்காவின் பழைய கேன் விரிசல் விட்டது. பலராமன் மாமா தான் காலி செய்த ஒன்றைக் கொடுத்தார். வினோதினி கழுவினாள். நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மூன்று தடவை கழுவினாள். ஆய்வகத்தில் நான்கூட எந்தக் குடுவையையும் அவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை.

இருபத்துநான்காம் தேதி வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு உப்பளத்து வேன் வரும். அதற்கு முன் பெண்கள் டேங்க் குழாயில் கேன்களை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு எதிர்க் கடையில் டீ குடிப்பார்கள். அக்காவின் கேனில் மருந்தைக் கலந்தது நான்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. இந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்து அவர்கள் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது. மற்ற ஏழு கேன்களை நான் தொடவில்லை. புதுக் கேனின் வாடைக்கு வேறு யாரும் அதில் வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன்.

திரும்பும்போது அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பூவு, விடியறதுக்குள்ள தண்ணிக்கு வந்துட்ட? வா, ஒரு டீ குடி."

நான் தலையை ஆட்டினேன்.

"பாருங்கடி, இன்னிக்கும் வாய மூடிக்கினு போவுது," என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

என் கணக்கு இது. சித்திரை வெயிலில் உப்பு வாருகிற ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஆறு மணி நேரத்தில் கேன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒன்பது மணிக்குத் தலைசுற்றல். பத்து மணிக்கு வாந்தி. அத்தோடு குடிப்பதை நிறுத்திவிடுவார். சுகாதார நிலையத்தில் ஒரு ராத்திரி படுக்கை, மறுநாள் வீடு. மே ஒன்றாம் தேதி கிராமசபைக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் தேறி வந்து அவரே எழுந்து பேசுவார் என்றுதான் அந்த வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் இவ்வளவு பார்ப்பார்களா, மேடம்.

ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கும் இல்லை. அளவு குறைந்துவிட்டதோ என்று தாளை எடுத்துக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பதினொன்றரைக்கு அந்தோணிசாமி அண்ணன் வண்டியில் எங்கள் தெருவைக் கடந்து போனார். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. காலில் செருப்பு இல்லை. ஆம்புலன்ஸ் புதுச்சேரி போய்ச் சேரவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

சாவு வீட்டில் நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவோடு வேலை செய்த அஞ்சம்மாள் சொல்லிச் சொல்லி அழுதார்.

"பதினோரு மணிக்குக் கரையேறினா. கேன எடுத்து அண்ணாந்தா பாரு, கீழ வெக்கவே இல்ல. பாதிக் கேனு ஒரே மூச்சுல. 'புதுக் கேன் நாத்தம் கொடலப் புடுங்குதுடி'ன்னு சிரிச்சா. அதான் அவ பேசின கடைசிப் பேச்சு."

கூட்டத்தில் நான் வாய் திறந்தது அன்றுதான் முதல் தடவை. "பதினோரு மணி வரைக்கும் தண்ணியே குடிக்கலையா?"

அஞ்சம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தார். "எங்கம்மா குடிக்கிறது? குடிச்சா எங்க போயி ஒக்கார்றது? நாலு பக்கமும் வெட்டவெளி. அந்த உப்புல ஒரு செடி மொளைக்குமா, மறைவு இருக்குமா? ஆம்பளைங்க சுத்தி நிப்பானுங்க. பொம்பளைங்க நாங்க யாருமே குடிக்க மாட்டோம். வேல முடிஞ்சி வேனுக்கு நிக்கும்போதுதான்."

இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் வேலை செய்கிற பெண்கள் ஆறு மணி நேரம் தாகத்தோடு நிற்கிறார்கள், பக்கத்திலேயே கேன் நிறையத் தண்ணீர் இருக்கிறது, தொடுவதில்லை. எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆறு மணி நேரத்துக்குப் பிரித்துப் போட்ட அளவில் பாதி இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. கணக்கில் பிழை இல்லை. கிடைத்த தகவலில்தான் பிழை.

உங்கள் விசாரணையில் நான் குறை சொல்ல மாட்டேன். உடலில் மருந்து இருந்தது. கேன் மருந்துக் கேன். இரண்டையும் சேர்த்துக் கேன் சரியாகக் கழுவப்படவில்லை, விபத்து என்று எழுதினீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். நீங்கள் வினோதினியிடம் கேட்டபோது நான் வாசலில் நின்றிருந்தேன்.

"யாரும்மா கழுவினது?"

"நான்தான் மேடம். மூணு வாட்டி கழுவினேன்."

"நல்லா கழுவினியா?"

அவள் யோசித்தாள். யோசித்தது தப்பு. எதையும் ரொம்ப நேரம் யோசித்தால் சந்தேகம் வந்துவிடும். "தெரியல மேடம்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கழுவிக்கொண்டே இருக்கிறாள். ஒரு டம்ளரை எட்டுத் தடவை, பத்துத் தடவை கழுவுகிறாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அந்தோணிசாமி அண்ணன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் கழுவித் தருகிற டம்ளரில் தண்ணீர் குடிப்பதும் இல்லை. குழாயடியில் குனிந்து கையில் ஏந்திக் குடிக்கிறார். ஒருநாள் வினோதினி என்னிடம் கேட்டாள்.

"நீ பாத்த இல்லக்கா, நான் கழுவினத. நல்லாதான கழுவினேன்?"

உண்மையைச் சொல்லக் கூடாத நேரம் அது. சொன்னால் தீர்மானம் நின்றுவிடும், அவள் அம்மா செத்தது வீணாகிவிடும். நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

மே ஒன்றாம் தேதி அந்த மருந்துக்கு எதிரான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் கை தூக்கியவர் பலராமன் மாமா. கேன் கொடுத்தது அவர் என்பதால் ஒரு நாள் முழுக்க உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார் அல்லவா, ஆள் பாதியாகிவிட்டார். வீட்டில் மிச்சமிருந்த மருந்தை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். "நீதாம்மா படிச்ச பொண்ணு. யாரு கையும் படாம அழிச்சிடு," என்றார். ஊரில் அதை அமராவதி தீர்மானம் என்கிறார்கள். அக்காவுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

வேளாண்மை அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. மேலே எழுதினார். மே பதினெட்டிலிருந்து எங்கள் வட்டாரத்தில் அந்த மருந்தை விற்க, பயன்படுத்த அறுபது நாள் தற்காலிகத் தடை வந்தது. ஆணையை நான் மூன்று தடவை படித்தேன். எங்கள் பக்கம் தர்பூசணி தை, மாசியில் பூக்கும். மே, ஜூனில் கொல்லையில் பூவே கிடையாது. மருந்து அடிக்க ஒன்றுமில்லாத இரண்டு மாதத்துக்கு மருந்தைத் தடை செய்திருந்தார்கள்.

உப்பளத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்பது செய்தித்தாளில் வந்துவிட்டதால் உப்பள முதலாளி பயந்து, பெண்களுக்கு நான்கு கம்பு நட்டுப் பச்சைத் துணி கட்டி ஒரு மறைப்பு போட்டுக் கொடுத்தார். அஞ்சம்மாள் என்னைக் கும்பிட்டார். நீ அன்றைக்குக் கேட்டதால்தான் இது வெளியே வந்தது என்றார்.

போன வாரம், தடையை நீட்டிக்கச் சொல்லி ஒரு மனுவோடு அதிகாரியைப் பார்க்கப் போனேன். இந்த முறை மனுவை நீட்டிவிட்டு நிற்காமல் நான்கு வார்த்தை பேசினேன்.

"கஷ்டம்மா," என்றார் அவர். "அது மருந்தோட குத்தம் இல்ல, கேனைக் கழுவாத குத்தம்னு கம்பெனிக்காரங்க பதில் குடுத்துட்டாங்க. கழுவின பொண்ணே தெரியலன்னு வாக்குமூலம் குடுத்திருக்குதே. அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? வேற கேஸ் எதுனா இருந்தா சொல்லு, பாக்கலாம்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதிலும் முதல் சோதனையில் கேன் ஒரு குறுக்கீடு. அதை நீக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும் என்று முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும்.

வினோதினி ஜூனிலிருந்து அம்மாவின் இடத்தில் உப்பளத்துக்குப் போகிறாள். மருந்துக் கேனை அவள் தொடுவதே இல்லை, அதனால் தண்ணீரே கொண்டுபோகாமல் இருந்தாள். நான் மரக்காணம் கடைத்தெருவில் ஐந்து லிட்டரில் புதுக் குடிநீர்க் கேன் வாங்கிக் கொடுத்தேன். அதில் எப்போதும் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை என்பதற்குப் பில் இருக்கிறது. இனி யாரும் கழுவியதைக் குறை சொல்ல முடியாது. புதுக் கேனிலும் இப்படி நடந்தால், தன் அம்மா செத்தது தன் கையால் இல்லை என்பது வினோதினிக்குத் தானாகவே புரியும். அந்தோணிசாமி அண்ணனுக்கும் புரியும். நான் வாயால் சொல்லி அவர்களை நம்ப வைக்க முடியாது. எனக்குப் பேச்சு வராது.

இந்தக் கடிதத்தைத் தடை நிரந்தரமாகிற அன்று நானே நேரில் கொண்டுவந்து தருவேன். முன்னாலேயே தந்தால், எல்லாம் நான் செய்தது, மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று திருப்பிவிடுவார்கள். கலந்தது நான். கொன்றது மருந்து. இந்த வித்தியாசத்தை நீங்கள் சட்டம் படித்தவர், புரிந்துகொள்வீர்கள்.

நேற்று சுகாதார நிலையத்துக்கு வினோதினியின் விரல்களுக்குக் களிம்பு வாங்கப் போயிருந்தோம். அங்கிருந்த எடைக் கருவியில் விளையாட்டாக ஏறச் சொன்னேன். நாற்பத்தேழு கிலோ. திரும்பி வரும் வழியில், போன தடவை கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"வினோ, அங்க எப்பப்ப தண்ணி குடிப்ப?"

"இப்பதான் மறைப்பு கட்டிட்டாங்களேக்கா. அரை மணிக்கு ஒரு வாட்டி ரெண்டு வாய் குடிச்சிப்பேன்."

பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, எடைக்கு ஏற்றபடி மட்டும் குறைத்திருக்கிறேன். நாளைக்கு ஒரு ராத்திரி அவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள். அந்தோணிசாமி அண்ணனுக்குச் சோறு நான் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன், பாவம், வீட்டில் வேறு யாரும் இல்லை.